ஆக்டேவியா ஹில் அம்மையார்

வறியார்க்குச் செய்யும் உதவிகளுள் உணவும் உடையும் ஈதல் எளிது. உறையுள் ஈதல் அரிது. என்னை? சோறிட்டார்க்கும் உண்டார்க்கும் உளதாய தொடர்பு அவ்வேளையோடு ஒழியினும் ஒழியும். ஆடையும் அத்தன்மைத்தே. வீட்டை ஈந்தவரோ நாடோறும் ஈந்துகொண்டே இருத்தல் வேண்டும். கூரை ஒழுகுமேல் வேய்தலும், அங்கணம் அடைபடுமேல் திறத்தலும், ஒரு படிக்கட்டினைப் பொதுவிற் கொண்ட குடும்பங்கள் தம்முட் பூசலிடுமேல் அமைதி செய்தலும் அவர் கடனாம். பெற்றவரும் அதனை நாடோறும் பேணுதல் வேண்டும். ஆகலின் வறியார்க்கு வீடமைத்தல் ஒருநாட் கொடையாய் முடியாது, இருதிறத்தாரையும் நெடுங்காலம் பிணித்து நிற்கும் ஓர் உறவாயிற்று. இதனைத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியிற் செய்து காட்டியவர் இங்கிலாந்து தேயத்து ஆக்டேவியா ஹில் என்னும் அம்மையார். இயற்கை வனப்புடைய இடங்களையும் பழைய மாளிகைகளையும் காத்துவரும் நேஷனல் டிரஸ்ட் என்னுங் கழகத்தை நிறுவிய மூவருள் ஒருவர் என்றே இவரைப் பலரும் அறிவர். அது அவர் பிற்காலப் பணி. ஈண்டு யாம் பெரும்பான்மையும் எடுத்துரைக்கப் புகுவது அவர்தம் வீட்டுப்பணியையே.

அம்மையார் 1838 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3 ஆம் நாள் கேம்பிரிட்ஜ் கோட்டத்தைச் சார்ந்த விஸ்பெக் என்னும் ஊரிற் பிறந்தனர். தந்தையார் ஜேம்ஸ் ஹில் கூலவாணிகமும் பொருட்களரித் தொழிலும் நடாத்தியவர்; தொழிலாளர் நலம் பேணிய ராபர்ட் ஓவென் என்பாருடைய கொள்கையிற் பற்றுடையவர். அவர்க்கு எட்டாவது பெண்மகவாய்த் தோன்றினமையின், எட்டாமவள் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இவர்க்கு இட்டனர். குழந்தைக்கு இரண்டாண்டு நிரம்புமுன்னரே தந்தையார் 1840 ஆம் ஆண்டிற் பொருளனைத்தும் இழந்தார். அத்துயரால் மனமும் நிலைகுலைந்தார். தாயார் கரோலின் அம்மையாரும் மக்களும் தாய்வழிப் பாட்டனாராகிய சௌத்வுட் ஸ்மித் என்னும் மருத்துவர் துணையால் இலண்டனையடுத்த பின்ச்லி என்னுஞ் சிற்றூரிற் குடியேறினர்.

இப்பாட்டனாரைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். பெயர்த்தியாரின் வாழ்விற்கு வித்து அவரிடத்தே உளது. இலண்டனிற் காய்ச்சல் நோயாளர்க்கென அமைந்த மருத்துவச் சாலையிற் பணிபுரிந்த அவர், அந்நோய் எங்கிருந்து வருகின்றதென்று ஆராய்ந்து, நெருக்கமும் இருளும் அழுக்குநீரும் பொருந்திய வறியார் குடியிருப்புக்களினின்றே வருகின்றதெனத் தெளிந்தவர். நிலக்கரிச் சுரங்கங்களிற் சிறுவரும் சிறுமியரும் விலங்குகள்போல் இழிந்து உழைத்தமையை ஆராய்ந்த அரசாங்கக் குழுவிலும் அவர் ஓர் உறுப்பினராய் இருந்தனர். அக்குழுவின் அறிக்கை 1842 ஆம் ஆண்டில் வெளிவந்து நாட்டையே நடுங்கச் செய்தது. இத்தகையார் இல்லத்தோடு ஊடாடி வளர்ந்த குழந்தைக்கு வறுமையென்பது ஏட்டிற் கண்டதோர் சொல்லாய் நின்றிலது. பள்ளிக்கூடஞ் சென்று பயின்றிலர்; தாயாரே கற்பித்தார். தந்தையார் வைத்துச் சென்ற கடனைத் தீர்த்தற்கு இவரும் உடன்பிறந்தாரும் பிற்றைநாளில் உழைத்தமையும் குறிப்பிடற்பாலது. கடன் தீர்த்தல் மானத்தின் பாற்பட்டது என்னும் உணர்வு இளமையிலேயே அவருள்ளத்திற் பதிந்தமை, பின்னர் அவர் குடிக்கூலி தண்டிய முறையினை விளங்குதற்குத் துணைபுரிவதாம்.

தாயார் 1852 ஆம் ஆண்டளவில் வறிய மாதர்க்குத் தொழிலளிக்கும் கூட்டுறவுக் கழகம் ஒன்றின் மேற்பார்வையாளராக இலண்டன் மாநகர் புக்கனர். அக்கழகத்தின் ஒரு பகுதி கந்தைப் பள்ளிகள் எனப்பட்ட ஏழைப் பள்ளிச் சிறாரைக் கொண்டு விளையாட்டுப் பொருள்கள் செய்விப்பது. அப்பகுதியை நடாத்தும் பொறுப்புப் பதினான்கு வயதினராகிய ஆக்டேவியாவிடம் விடப்பட்டது. தம்மினும் சிறிதே இளையராகிய அச்சிறுமியர்க்கு அவர் பாவைவீட்டுத் தட்டுமுட்டுக்கள் செய்யக் கற்பித்தார், கணக்கு எழுதினார், நண்பகலுணவை அவர்களே முறைவைத்துச் சமைத்துண்ண ஏற்பாடு செய்தார், ஒருத்தி வாராதொழியின் அவள் வீடு தேடிச் சென்று கண்டார். அங்ஙனஞ் சென்றவிடத்து, பகலெல்லாம் தம்மிடத்தே தூய்மையும் ஒழுங்கும் பயின்ற குழந்தை இரவில் எத்தகைய இடத்திற்கு மீள்கின்றது என்பதனைக் கண்கூடாகக் கண்டார்.

அந்நாளிற் கிறித்துவ நெறியினருள் பிரெடெரிக் டெனிசன் மாரிஸ் என்னும் பெரியார் தொழிலாளர்க்கெனக் கல்லூரி ஒன்று நிறுவியிருந்தனர். அங்கு மாதர் வகுப்புக்களின் செயலாளராக அம்மையார் ஆண்டொன்றுக்கு 26 பவுன் ஊதியம் பெற்று அமர்ந்தனர். ஓவிய நூற் பேரறிஞராகிய ஜான் ரஸ்கினை அவர் 1853 ஆம் ஆண்டிற் கண்டனர். பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து தரும் பணியினை ரஸ்கின் இவர்க்கு அளித்துப் பல்லாண்டு பயிற்றினார். உடன்பிறந்தாரோடு நாட்டிங்ஹாம் பிளேஸ் என்னுந் தெருவில் ஒரு பள்ளியினையும் நடாத்தலானார்.

அப்பள்ளி வீட்டின் அடுக்களையில் வாரம் ஒருமுறை அயலிலுள்ள ஏழை மாதரை அழைத்துத் தையற்பணி பயிற்றுதல் அம்மையார் வழக்கம். ஒருநாள் வந்திருந்தவருள் ஒருத்தி மயங்கி வீழ்ந்தாள். வினாவியபோது, முன்னிரவு முழுதும் கண்ணுறங்காது பிறர் துணி வெளுத்தவள் என்று தெரிந்தது. அம்மையார் அவளுறையும் இடத்தைச் சென்று பார்த்தனர். நிலத்தின் கீழமைந்த ஈரமான ஓர் அறையிற் குழந்தைகளோடு அவள் வாழ்ந்தாள். அவளுக்கு நல்லதோர் அறை தேடித் தருவல் எனப் புறப்பட்டு அம்மையார் தெருத்தெருவாய் அலைந்தும் பயன் விளைந்திலது. நல்ல வீட்டுடையார் குழந்தைகளுடைய ஏழைக் குடும்பத்தை ஏற்க மறுத்தனர். ஏற்பவர் வீடோ முன்னதினும் கீழ்ப்பட்டதாயிருந்தது. பொருள் கொடுப்பினும் பெறலாகாத பொருளாக வறியார்க்கு உறையுள் அமைந்துளது என்பதனை அன்றே அவர் உணர்ந்தனர்.

ரஸ்கினுடைய தந்தையார் 1864 ஆம் ஆண்டில் இறந்து பெருஞ்செல்வத்தை மகனார்க்கு விடுத்தனர். அச்செல்வத்தின் ஒரு கூற்றினை எங்ஙனம் நற்பணிக்கு ஆக்கலாம் என ஆராய்ந்த ரஸ்கினிடம் அம்மையார் தம் கருத்தை வெளியிட்டனர். 1865 ஆம் ஆண்டில் அவர் மேரிலபோன் பகுதியிலுள்ள பாரடைஸ் பிளேஸ் என்னும் முடுக்கில், ஆறு ஆறு அறைகளுடைய மூன்று வீடுகளின் குத்தகை உரிமையை 750 பவுனுக்கு வாங்கி அம்மையார் கையில் ஒப்புவித்தனர். ஆயின் அவர் ஒரு நெறி விதித்தார். இட்ட முதலுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி வருதல் வேண்டும். அங்ஙனம் வருமேல் ஏனைச் செல்வரும் இதன்கண் பொருளிட முன்வருவர் என்பது அது. அறத்திற்கு வட்டி எற்றுக்கு என்று வினாவுவார் உளராகலாம். கொடையாளர் சிலர் உள்ளங் கனிந்தபோது மட்டும் நடைபெறும் பணி அவர் உள்ளம் மாறியபொழுது நின்றுவிடும். தன் காலில் தானே நிற்கும் பணியே பெருகும் என்பது ரஸ்கினும் அம்மையாரும் கொண்ட துணிபு. ஐந்தின் மேற்பட்ட மிச்சம் குடியிருப்போர் நலத்திற்கே உரியதாகும்.

பாரடைஸ் என்னுஞ் சொல் துறக்கம் எனப் பொருள்படும். அத்துறக்கத்தின் நிலையோ சொல்லுந்தரமன்று. சுவர்களிற் சுண்ணம் உதிர்ந்து வீழ்ந்தது. கூரை ஒழுகிய நீரை ஏந்தப் படிக்கட்டின்கண் வாளி வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடிக் கட்டைகளைக் குடியிருப்போர் குளிருக்கு விறகாக எரித்துவிட்டமையின் இருண்ட படிகளிற் பற்றுக்கோடின்றி ஏறல் வேண்டும். துணி வெளுத்தற்கென அமைந்த அறையில் முந்தைய உடைமையாளர் தம் உடைந்த பண்டங்களையிட்டுப் பூட்டிவிட்டமையால், சமைத்தலும் உண்டலும் உறங்கலும் வெளுத்தலும் ஓர் அறைக்குள்ளேயே நிகழ்ந்தன. தண்ணீர் விடப்படும் மரத்தொட்டி ஒன்றே, அதுவும் ஒழுகிற்று. நீர்வரும் வேளையிற் பிடித்து வைத்தற்குக் கலம் இல்லாதவர்க்கு அன்று நீர் இல்லை. எண்ணிப் பார்த்த 192 பலகணிக் கண்ணாடிகளுள் உடையாது நின்றவை எட்டே.

இத்தகைய வீடுகளை உடையார் எத்தகையார் என்பதற்கு அம்மையார் தம் கட்டுரையொன்றில் ஒரு செய்தி குறித்துள்ளார். அவர் கண்ட சிறு வீட்டுடையார் ஒருவர் பிணப்பெட்டி செய்து அடக்கத்திற்கு வேண்டுவன புரியுந் தொழிலினர். கூலி பலரிடம் நிலுவையாகின்றதே எனப் பேச்சு எழுந்தபொழுது, தாம் கூலியை அவ்வளவு எதிர்நோக்குவதில்லை என்றும், அவ்வீடுகளில் நிகழும் சாவுகளே தமக்கு ஊதியம் தருகின்றன என்றும் அவர் கூசாது கூறினராம். அக்காலத்து இலண்டன் வறியார் நிலையைப் பல அறிக்கைகளினும் தெளிவாக இவ்வொரு செய்தி காட்டுகின்றது.

அம்மையார் செய்த முதல் மாற்றம் யாதெனில், வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டாமையேயாம். வீட்டுடைமை ஏற்ற அன்றே அங்கணங்களையும் நீர்வசதியையும் செப்பனிட்டார்; சாவு விளைப்பன ஒருநாளும் பொறுத்தற்குரியன அல்ல. ஏனையவற்றை அவர் விரைந்து செய்திலர். ஒருநாளில் அனைத்தையும் புதுக்கிக் கொடுப்பின், பேணற்கறியாதார் கையில் அது சின்னாளிற் பழையபடியே ஆகும் என்பதனை அறிந்திருந்தார். எனவே குடியிருப்போர் பேணுந்தோறும் சிறிது சிறிதாகச் செப்பனிட்டு வந்தார். ஒவ்வொரு வீட்டிற்கும் ஆண்டிற்கு இவ்வளவு எனப் பழுதுபார்க்கும் பொருளை வரையறுத்து, கேடு குறைதலால் அதில் மிஞ்சியதனை அவ்வீட்டார் விரும்பும் வசதிக்கே செலவிட்டார். ஒருவர் அலமாரி வேண்டுவர். மற்றொருவர் வெந்நீர்க் கொப்பரை வேண்டுவர். கண்ணாடி உடையாதிருப்பின் அதன் பயன் தமக்கே வரும் என்பதனை அவர்கள் கண்கூடாகக் கண்டனர். ஓரறையிற் குழுமியிருந்த குடும்பங்களை இரண்டறை கொள்ளுமாறு ஊக்கி, இரண்டாவதற்குக் கூலியைக் குறைத்தார்.

கூலி தண்டுதலே அம்மையார் முறையின் உயிர்நிலை. வாரந்தோறும் குறித்த நாளில் அவரே கணக்குச் சுவடியுடன் வாயில் தோறும் செல்வர். நிலுவை விடுதல் இல்லை. தொடக்கத்தில் இருண்ட படிக்கட்டிற் காத்து நின்று, கதவிடுக்கின் வழியே நீட்டப்பட்ட காசினை அவர் பெற்றதும் உண்டு. கண்டிப்பே மிகுந்தது போலத் தோன்றும் இதன்கண் ஒரு நுட்பம் உளது. கூலி தண்ட வருவார் கதவைத் தட்டுதற்கு உரிமையுடையார். ஆகலின் வாரந்தோறும் ஒருவரையொருவர் காணும் வாயில் இயல்பாகவே திறந்துகொள்கின்றது. அறஞ்செய்வார் என்னும் பெயரால் ஒருவர் வீட்டினுட் புகின், புகப்பெற்றவர் மானம் குன்றுவர். வீட்டுடையாராய்ப் புகின், இருதிறத்தார்க்கும் கடன் உண்டு. தம் கடனைச் செலுத்தியவர் ஒழுகுங் கூரையைச் சுட்டித் தலைநிமிர்ந்து கேட்பர். அங்ஙனங் கேட்டதனை அம்மையார் அவ்வாரத்தே செய்து கொடுப்பர். தாம் கேட்பதனை மட்டும் தண்டித் தாம் கொடுக்கற்பாலதனை மறந்த வீட்டுடையாரையே அதுகாறும் கண்டவர்க்கு இது புதுமையாயிருந்தது.

இலவசமாய்க் காசு கொடுத்தலை அவர் மிகவும் வெறுத்தார். தொழில் இன்றி ஆடவர் வாடும் பருவத்தில் அவர்க்கெனச் சில்லறைப் பணிகளைத் தேக்கி வைத்திருந்து வெள்ளையடித்தல், வண்ணம் பூசல் முதலியவற்றை அளித்தார். வளர்ந்த சிறுமியர்க்குப் படிக்கட்டுக்களைக் கழுவும் வேலை கொடுத்துக் கூலி தந்தார். சேமிப்புக் கழகம் அமைத்துக் காசு காசாகச் சேர்ப்பித்தார். நோயுற்றாரை நாட்டுப்புறம் அனுப்புதல், தாய்தந்தையரற்ற குழந்தைகளை நல்ல குடும்பங்களில் வளர்ப்பித்தல், மூத்துத் தளர்ந்தார் சிலர்க்கு மாதந்தோறும் உதவுதல் என்பன அன்பர் அனுப்பிய நன்கொடையினின்று நடைபெற்றன. 1872 ஆம் ஆண்டு தொட்டு ஆண்டுதோறும் உடன்பணியாளர்க்கென அச்சிட்டு அனுப்பிய மடல்களில் அந்நன்கொடைக்கெல்லாம் கணக்குக் காட்டியுள்ளார்.

1866 ஆம் ஆண்டில் ரஸ்கின் பிரெஷ்வாட்டர் பிளேஸ் என்னுமிடத்தில் மேலும் ஐந்து வீடுகளை வாங்கி அளித்தார். அவற்றின் எதிரே பாழ்நிலம் ஒன்று இடிந்த மாட்டுக்கொட்டில்களும் எருக்குவியலுமாய்க் கிடந்தது. அம்மையார் அதனைத் திருத்திச் சுற்றுச்சுவர் எழுப்பிக் குழந்தைகள் ஆடுகளமாக்கினார். ரஸ்கின் மரங்கள் நடுவித்தார். முதலில் முரட்டுச் சிறுவர் கல்லெறிந்து கலகஞ் செய்தனர். அம்மையார் அஞ்சிப் பின்வாங்கிலர். சின்னாளில் ஆண்டுதோறும் மேத் திங்களில் ஆங்கு மலர்விழா நிகழலாயிற்று. வீடென்பது நான்கு சுவர் மட்டும் அன்று, வெளியே அமர்தற்கு ஓரிடமும் அதன் பகுதியே என்னும் கருத்து இங்குத் தோன்றி, பின்னர்த் திறந்தவெளிகளைக் காக்கும் பெரும்பணியாகக் கிளைத்தது.

இஃது அக்காலத்துப் பிற முயற்சிகளின் வேறாயது. அமெரிக்க வணிகராகிய ஜார்ஜ் பீபடி இலண்டன் ஏழைகட்கென 1862 ஆம் ஆண்டில் 150,000 பவுன் ஈந்து, பின்னர் அதனை 500,000 பவுனாகப் பெருக்கினார். அப்பொருளால் எழுந்த அடுக்கு மாளிகைகள் பெரியன, தூயன. ஆயினும் ஒழுங்கான வார ஊதியம் உடையாரே அவற்றிற் குடிபுகல் இயன்றது. இன்று வேலை, நாளை இல்லை என்னும் நிலையில் தெருவிற் கூவி விற்பாரும் சுமை தூக்குவாரும் முன்போலவே முடுக்குகளிற் கிடந்தனர். அம்மையார் ஏற்றது இவர்களையே. அவர் ஏற்ற வீடுகளில் முன்னரே இருந்தவர் எவரோ அவரே அவர் குடிகள்.

பணி பெருகியபொழுது அம்மையார் ஒருவரே எங்கும் செல்லல் இயலாதாயிற்று. கல்வியுடைய மாதர் பலர் துணைவந்தனர். எம்மா கான்ஸ் அவருள் ஒருவர். பின்னாளில் இலண்டன் தென்கரையில் ஓல்டு விக் நாடகசாலையைச் சீர்திருத்தி உழைப்பாளர்க்கு இன்பமும் கல்வியும் வழங்கினார். ஹென்ரியட்டா ரோலண்டு மற்றொருவர். தம் கணவர் சாமுவேல் பார்னெட்டுடன் 1884 ஆம் ஆண்டில் டாயின்பி ஹால் என்னும் நிலையத்தைத் தோற்றுவித்தார். 1874 ஆம் ஆண்டளவில் அம்மையார் மேற்பார்வையில் 15 குடியிருப்புக்களும் ஏறக்குறைய 3,000 குடியிருப்போரும் இருந்தனர். அவ்வாண்டில் நண்பர்கள் பொருள் திரட்டி, அவர் ஆசிரியத் தொழிலை விடுத்து இப்பணியிலேயே முற்றும் ஈடுபட வழிசெய்தனர். அவருடைய கட்டுரைகள் 1875 ஆம் ஆண்டில் நூலாயின. விக்டோரியா மகாராணியாரின் மகளார் ஆலிஸ் இளவரசியின் முயற்சியால் அந்நூல் செர்மானிய மொழியிலும் வெளிவந்தது.

மறுபுறத்தையும் கூறுதல் வேண்டும். கூலி செலுத்தாது நெடிது தாழ்த்தாரையும், ஒழுக்கம் பிழைத்து அயலார்க்கு ஊறு விளைத்தாரையும் அம்மையார் வெளியேற்றத் தயங்கிலர். அவர் சேர்ந்து பணிபுரிந்த அறச்செயல் ஒழுங்குக் கழகம் 1869 ஆம் ஆண்டில் தோன்றியது. உதவி பெறத் தக்கார், தகாதார் எனப் பகுத்து ஆராய்ந்தே உதவுவது அதன் கொள்கை. இப்பகுப்பினைப் பலர் கடிந்தனர்; யாமும் அதனை முற்றும் உடன்படுவேம் அல்லேம். வேலையின்மையாலும் நோயாலும் வீழ்ந்தாரை அவர் குணக்குறையால் வீழ்ந்தாராக எண்ணும் தவறு அதன்கண் எளிதிற் புகும். அம்மையார் செயலிடத்து அது பெரிதுந் தணிந்து நின்றமைக்குக் காரணம், அவர் தம் குடிகளைப் பெயரும் முகமும் அறிந்தமையே. முகமறியாதார் கையில் அவ்விதி வெறும் வன்கண்மையாய் முடியும்.

1877 ஆம் ஆண்டு அவர்க்குப் பெருந்துன்பத்தை விளைத்தது. ரஸ்கின் செயலறிவு குறைந்தவர் என அம்மையார் ஒருவரிடங் கூறியதாகச் செய்தி பரவி ரஸ்கினை எட்டிற்று. அவர் சினந்து இருவர்க்கும் நிகழ்ந்த மடல்களைத் தம் இதழிலேயே வெளியிட்டார். கால்நூற்றாண்டு நட்பு முறிந்தது. ஓயா உழைப்போடு இத்துயரும் கூடியதால் அம்மையார் உடல்நலங் குன்றி வெளிநாடு சென்று தங்க நேர்ந்தது. அக்காலத்தே துணையாய் வந்தமைந்த ஹாரியட் யார்க் என்பார் இறுதிகாறும் அவரைப் பிரிந்திலர். அம்மையார் இல்லாதபொழுதும் வீடுகள் உடன்பணியாளரால் ஒழுங்காக நடைபெற்றன. ஒருவரது ஆற்றலை மட்டும் சார்ந்ததன்று இம்முறை என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

மடங்கள், அறநிலையங்கள் ஆகியவற்றின் உடைமைகளை ஆளுவார் கருதற்பாலதொரு செய்தி இனி வருவது. இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துக்களை மேற்பார்க்கும் ஆணையாளர் குழுவுக்குத் தென்னிலண்டனிற் பல தெருக்கள் உடைமையாயிருந்தன. அவ்வீடுகள் இடைநின்ற குத்தகையாளர் கையில் இழிநிலையிற் கிடந்தன. சமயத்திற்குரிய பொருள் இத்தகைய இடங்களினின்று வருதல் தகுமோ என்னும் பழி எழுந்தது. இடைநின்றார் செய்தது, நாம் அறியேம் என்று உடைமையாளர் கூறித் தப்புதல் எளிது. அக்குழுவினரோ 1884 ஆம் ஆண்டிற் சௌத்வார்க், டெப்ட்போர்டு ஆகிய பகுதிகளிலுள்ள வீடுகள் சிலவற்றை அம்மையார் ஆட்சியில் விட்டனர்; பயன் கண்டு பின்னும் பலவற்றை அளித்தனர். 1903 ஆம் ஆண்டில் வால்வொர்த் பகுதியிலுள்ள பரந்த இடத்தினையும் ஒப்புவித்தனர். அறநிலையத்தின் உடைமை அறநெறியில் ஆளப்படினும் வருவாய் குன்றாது என்பது கணக்கிற் காட்டப்பட்டது. சௌத்வார்க்கில் 1887 ஆம் ஆண்டிற் செஞ்சிலுவைத் தோட்டம் என ஒரு பூங்காவும், அதனைச் சார்ந்து சிறுவீடுகளும், கூடிப் பாடவும் கேட்கவும் ஒரு மண்டபமும் அமைந்தன. டெப்ட்போர்டிலோ வெற்றி எளிதிற் கைகூடிற்றிலது. ஆங்குக் குடிகள் அடிக்கடி மாறினர். தெருவின் முரடு வீட்டினுள்ளும் புகுந்தது. முறை நன்றாயினும் எவ்விடத்தும் ஒப்பப் பயன்படும் எனக் கோடல் ஆகாது.

1884 ஆம் ஆண்டில் வறியார் வீட்டுநிலையை ஆராய அரசாங்கம் பேரவை ஒன்று கூட்டியபொழுது அம்மையாரை உறுப்பினராக்க எண்ணினர். பெண்பாலார் என்பது காட்டி உள்நாட்டமைச்சர் தடுத்துவிட்டனர். இருபதாண்டு வாயில்தோறும் சென்றவர் அவையினராகத் தகார் எனவும், அவர் கூறுஞ் சான்று மட்டும் வேண்டும் எனவும் கொண்ட முடிபு நகைப்பிற்குரியது. அம்மையார் சான்று கூறி வந்தனர். பின்னர் 1905 முதல் 1909 வரை நடந்த வறியோர் சட்டப் பேரவையில் உறுப்பினராய் அமர்ந்தனர். ஆயினும் இவரே பெண்டிர்க்குப் பாராளுமன்ற வாக்குரிமை வேண்டா என்றார் என்பதனையும் மறைத்தல் கூடாது. நகராட்சிகள் வீடு கட்டுவதனையும், முதியோர்க்கு அரசாங்கம் உதவிப்பொருள் அளிக்கும் 1908 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர் ஒப்பிலர். தாம் தனிப்பட முதியோர்க்கு உதவிய ஒருவர் அதனையே நாடு முழுதும் பெறுதற்கு இசையாமை வியப்பே. தெரிந்தவர் தெரிந்தவர்க்குச் செய்யும் உதவியே மானங்கெடாது காக்கும், ஆளறியா அரசாங்கம் அளிப்பது முயற்சியைக் கெடுக்கும் என்பது அவர் எண்ணம்.

அவ்வெண்ணத்தைக் காலம் ஏற்றிலது. ஏலாமையே முறையும் ஆகும். சார்லஸ் பூத் என்பார் ஆராய்ந்து கண்ட அளவில் இலண்டன் மக்களுள் நூற்றுக்கு முப்பதின்மேற்பட்டோர் வறுமையில் இருந்தனர். அத்துணைப் பெருந்தொகைக்கு அன்புடைய மாதர் சிலர் கணக்குச் சுவடியோடு செல்வது யாங்ஙனம் போதும்? முதியோர் ஒருவர் உதவி பெறுதற்கு நல்லார் ஒருவர் அறிமுகமும் வேண்டும் என்றால், அறிமுகம் இல்லாதார் கதி என்னை? ஆயினும் அம்மையார் அஞ்சியது முற்றும் வீணன்று. இலண்டன் கோட்டமன்றம் பழைய நெருக்கக் குடியிருப்பு ஒன்றை இடித்து எழுப்பிய பௌண்டரி தெரு மாளிகைகள் 1900 ஆம் ஆண்டிற் சிறப்பாகத் திறக்கப்பட்டன. இடிக்கப்பட்ட இடத்தினின்று பெயர்ந்தவர் 5,719 பேர். புதிய மாளிகைகளிற் குடிபுகப் பெற்றவர் அவருள் 11 பேரே என்பர். கட்டடம் நன்று, எவர்க்கெனக் கட்டப்பட்டதோ அவர் வேறோர் முடுக்கிற்குச் சென்றனர். பொருளும் சட்டமும் அரசாங்கத்தின்பால் வேண்டும். வாயிலில் நின்று பெயர் கூறி அழைப்பார் ஒருவரும் வேண்டும். இவற்றுள் ஒன்றைப் பற்றி மற்றொன்றை விடுத்தமையே இருதிறத்தார்க்கும் நேர்ந்த குறை என்பது எம் கருத்து.

திறந்தவெளிகளைப் பற்றிய அவர் பணியைச் சுருங்கக் கூறுதும். ஸ்விஸ் காட்டேஜ் வயல்களை 1875 ஆம் ஆண்டிற் காக்க முயன்று தோற்றனர். பார்லிமெண்டுக் குன்றின் வயல்கள் காக்கப்பட்டன. ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி என்பாருடன் கூடி 1895 ஆம் ஆண்டில் நேஷனல் டிரஸ்டினைத் தோற்றுவித்தார். ஓரறையில் வாழ்வார்க்கு வானமும் மரமும் புல்வெளியும் உரியன என்பதே இதற்கும் அடிப்படை.

அம்மையார் வகுத்த முறை கடல் கடந்தும் சென்றது. அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியாவில் 1896 ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே ஒரு சங்கம் எழுந்தது. ஆலந்து நாட்டு ஜொகன்னா டெர் மியூலன் என்பார் இலண்டன் போந்து பயின்று ஆம்ஸ்டர்டாமில் அம்முறையினைத் தொடங்கினார். 1886 ஆம் ஆண்டில் அமைந்த ஹொரேஸ் தெரு அறநிதி பிற்காலத்தே அம்மையார் பெயரே தாங்கிய வீட்டுச் சங்கமாய் வளர்ந்தது. பயிற்சியின்றி நல்லெண்ணம் மட்டும் போதாதென்று கண்டு, சௌத்வார்க்கில் மாதர் பல்கலைக்கழகக் குடியிருப்பு வாயிலாகப் பணியாளரைப் பயிற்றும் ஏற்பாட்டிலும் அவர் பங்குகொண்டார். கணக்கு, சட்டம், அங்கண அமைப்பு, பழுது பார்த்தல் என்பவற்றைக் கற்றவரே பிறர் வாயிலிற் சென்று நிற்றற்கு உரியர் என்பது அவர் முடிபு.

அவர் 1912 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13 ஆம் நாள் மேரிலபோனிலுள்ள தம் இல்லத்திற் காலமானார், வயது 73. வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அடக்கஞ் செய்ய இடம் அளிக்கப்பட்டும், அவர் முன்னரே குறித்து வைத்தவாறு கெண்டு கோட்டத்துக் கிராக்கம் ஹில் என்னுஞ் சிற்றூரில் உடன்பிறந்தாள் மிராண்டாவின் அருகே அடக்கினர். நான்காண்டு கழித்து 1916 ஆம் ஆண்டில், அவரிடம் பயின்றவரும் அவர் வழியினரும் ஆகிய மாதர் வீட்டு மேற்பார்வையாளர்க்கென ஒரு சங்கம் கண்டனர். நகராட்சிகள் பெருவாரியாக வீடு கட்டத் தொடங்கிய பின்னர், அவற்றில் அமர்ந்து வாரந்தோறும் கூலிச் சுவடியோடு வாயில் தட்டியவருள் இச்சங்கத்தார் பலர்.